இரண்டு கதவுகளுக்கு நடுவே ஒரு படகு

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும் நாட்களில்தான் சுப்புலட்சுமிக்கு உடம்பு வலிக்க ஆரம்பிக்கும். சீசனில் வலிக்கக்கூட நேரம் கிடையாது. இந்த வருஷம் முதலாளிக்கு எப்படியோ மனசு இளகி, தாயில்பட்டிப் பெண்களை ஆலப்புழைக்கு டூர் அனுப்பிவைத்தார். வேலைக்கு ஏற்றிப்போகிற அதே வேன், அதே சீட்டு, பக்கத்தில் அதே ஆள். ராஜபாளையம் தாண்டுவதற்குள் பாதிப் பேர் பழக்கதோஷத்தில் தூங்கிவிட்டார்கள்.

மகள் பிரீத்திகாவையும் அவள் கூட்டி வந்திருந்தாள். பதினெட்டு வயது முடிந்து வீட்டில் இருக்கிற பிள்ளை. லோடு ஏற்றி ஏற்றி அப்பா பலவேசத்துக்கு முதுகு போய்விட்ட பிறகு, ராத்திரி அம்மா காலைப் பிடித்துவிட்டபடி அவள்தான் பேச்சை எடுத்தாள்: "நானும் கம்பெனிக்கி வாரேம்மா. எம்புட்டு நாளைக்கி நீ ஒத்தையாச் சாவ?" சுப்புலட்சுமி வேண்டாம் என்றுதான் சொல்லிவந்தாள். ஆனால் அலுத்துப்போன உடம்பு எத்தனை நாளைக்கு வேண்டாம் என்று சொல்லும்? என் ரூமிலேயே போடச் சொல்வோம், கூடவே இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்ல ஆரம்பித்து, போர்மேன் ஆண்டிச்சாமியிடமும் அதைச் சொல்லியிருந்தாள். பூஜை போட்டுக் கம்பெனி திறக்கும் அன்று புது ஆள் எடுப்பார்கள். ஊர் திரும்புவதற்குள் முடிவாகப் பதில் சொல்ல வேண்டும் என்று, டூருக்குக் கூட வந்திருந்த ஆண்டிச்சாமி கேட்டிருந்தார்.

படகில் ஏறியதும் பெண்கள் எல்லோரும் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டார்கள். மெத்தை போட்ட நடு பெஞ்சுக்கு ஆள் வரவில்லை. கம்பெனியில் அவர்கள் வேலை செய்கிற வெடிமருந்து அறைக்கு நாலு பக்கமும் வாசல் உண்டு. ஆளுக்கொரு வாசலை ஒட்டித்தான் உட்கார வேண்டும். சத்தம் கேட்டால் அந்த வாசல் வழியாக ஓடிவிட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது, யாரையும் கூப்பிட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. வருஷக்கணக்காக அப்படி உட்கார்ந்து பழகியவர்களுக்கு மெத்தை எதற்கு? பிரீத்திகா மட்டும் நடு பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு முறுக்கு தின்றாள்.

கால்வாய் நெடுகப் பாலங்கள். சில பாலங்கள் தலையில் இடிக்கிற மாதிரித் தாழ்வாக இருந்தன. "குனிங்க, குனிங்க. தலை இருந்தாத்தான அடுத்த சீசனுக்கு ஆளு" என்றார் ஆண்டிச்சாமி. குனிந்து நிமிர்ந்து குனிந்து நிமிர்ந்து சுப்புலட்சுமிக்கு இடுப்பு கழன்றது. ஊரில் ஒரு குடத்துக்கு மல்லுக்கு நிற்கிறோம், இங்கே பார் யாரும் சீந்தாமல் கிடக்கிறது என்று தண்ணீர் மேல் கோபம்கூட வந்தது. கொஞ்ச நேரத்தில் அதற்கும் தெம்பில்லை.

காயலில் நுழைவதற்கு முன்னால் ஒரு பெரிய மதகு இருந்தது. அந்தப் பக்கம் தண்ணீர் உயரம், இந்தப் பக்கம் பள்ளம். படகை இரண்டு இரும்புக் கதவுகளுக்கு நடுவே நிறுத்தி, உள்ளே தண்ணீர் விட்டு மேலே தூக்கி அனுப்புவார்களாம். பின்கதவு மூடிக்கொண்டது. படகுக்காரர் என்ஜினை அணைத்தார். இரண்டு பக்கமும் பாசி பிடித்த சுவர்.

"கெணத்துக்குள்ள எறக்கிவிட்ட மாதிரில்லா இருக்கு" என்றாள் மாரீஸ்வரி. மருந்து அறையில் பல வருஷமாகச் சுப்புலட்சுமிக்கு எதிர்வாசலில் உட்காருகிறவள்.

தண்ணீர் மெல்ல மெல்ல ஏறி, படகைச் சுவரின் விளிம்புக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. முன்கதவு திறந்தது. படகுக்காரர் சாவியைத் திருகினார். என்ஜின் டப்பென்று வெடித்து, கரும்புகையாகக் கக்கியது.

மறுநொடி படகில் ஆளைக் காணோம். இந்தப் பக்கத்துப் பெண்கள் இந்தச் சுவரில், அந்தப் பக்கத்துப் பெண்கள் அந்தச் சுவரில். தண்ணீரில் விழுந்த மாரீஸ்வரி, படகில் கட்டியிருந்த டயரைப் பிடித்துத் தொங்கினாள். ஆண்டிச்சாமியே வேட்டியைக் கையில் பிடித்தபடி கரையில் நின்றார். சுப்புலட்சுமி அவரையும் தாண்டிப் போய் ஒரு தென்னை மரத்தடியில் நின்றாள். நின்ற பிறகுதான் ஓடி வந்ததே அவளுக்குத் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தாள். படகு இருந்தது. நடு பெஞ்சில் பிரீத்திகா இருந்தாள். கடித்த முறுக்கு கையில் இருக்க, வாயைப் பிளந்துகொண்டு இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எம்மா, எல்லாரும் எங்கன போறீக?"

படகுக்காரர் முதலில் திட்டினார், பிறகு சிரித்தார். மாரீஸ்வரியை மேலே இழுத்துவிட்டார்கள். சொட்டச் சொட்ட அவளும் சிரித்தாள். "என்னையப் போட்டுட்டு ஓடிட்டியேம்மா" என்று பிரீத்திகாவுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. சுப்புலட்சுமிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பெற்ற பிள்ளை கூட வந்திருக்கிறது என்ற நினைப்பு அந்த ஓட்டத்தில் எந்த இடத்திலும் இல்லை. ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள், இல்லவே இல்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது.

படகு காயலுக்குள் போன பிறகு ஆண்டிச்சாமி டீயோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னக்கா, பூஜைக்குப் புள்ளையக் கூட்டியாந்துருவீகல்ல? ஒங்க ரூம்புலயே போட்டுருவோம்."

"இல்லண்ணே. அவ வர மாட்டா."

"ஏன்க்கா? கூடவே இருந்து பாத்துக்கிடுதேன்னு நீங்கதான சொன்னீக?"

"அப்பிடித்தாண்ணே நெனச்சேன்." டீயை வாங்கிக் கீழே வைத்தாள். "ஓடிருவேண்ணே. அவ உள்ள இருந்தாலும் ஓடிருவேன்."

ஆண்டிச்சாமி தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டார். செருப்பு மதகுக் கரையில் போனது போனதுதான்.

"அப்ப, நீங்க?"

"நான் வாரேன்" என்றாள் சுப்புலட்சுமி. "வீடுன்னு ஒண்ணு இருக்குல்ல."