வண்டி மாமா தூங்குகிறார்

அவள் பின்னறைத் தாழ்ப்பாளைச் சத்தம் வராமல் போடப் பார்த்தாள். இரும்பு இரும்பில் உரசும் கடைசி நொடியில் வேண்டுமென்றே இருமினாள். கூடத்தில் இருப்பவர்களுக்கு இருமல் மட்டும் கேட்டால் போதும்.

உள்ளே அவளுடைய நாலு வயது மகன் இருந்தான். அவனுக்குப் பிடித்த பிளாஸ்டிக் மூடியைக் கையில் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அதைத் தரையில் சுழலவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் அவனுக்கு வேறு உலகம் வேண்டாம்.

கூடத்தில் கணவனின் அண்ணன் கழுத்துவரை வெள்ளைத் துணி மூடிப் படுத்திருந்தார். வீட்டில் அவரை மூத்தவர் என்பார்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு மற்றதைத் தேடிக் குனிந்தவர், அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். டாக்டர் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தம்பியின் தோளில் கையை வைத்தார். அவ்வளவுதான். யாருக்கும் தொந்தரவு கொடுக்காத மனிதர், போகும்போதும் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"குழந்தை எங்கம்மா?" என்று கேட்டாள் கணவனின் அத்தை. வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்காராமல், வருகிறவர்களுக்குப் பாய் விரிப்பதும் மின்விசிறியைத் திருப்பி வைப்பதுமாக இருந்தாள்.

"தூங்குறான் அத்தை."

"இந்தச் சத்தத்துலயா? குடுத்து வச்சவன். எனக்கெல்லாம் ஈ பறந்தாலே முழிப்பு வந்துடும்."

அத்தை மூத்தவரின் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். "கல்யாணம் பண்ணிக்கடான்னு எத்தனை தடவை கெஞ்சினேன் தெரியுமா? 'அத்தை, வேலைக்குப் போனா ஒரு வண்டி நிறைய குழந்தைங்க, வீட்டுக்கு வந்தா ஒண்ணு. இதுக்கு மேல பெத்தா எந்த சீட்டுல உக்கார வைக்கிறது?'ன்னு கேட்டான். படவா."

சுற்றியிருந்தவர்கள் அழுகையினூடே சிரித்தார்கள். அவளால் சிரிக்க முடியவில்லை.  

மூத்தவர் ஒரு குழந்தை வளர்ச்சி மையத்தில் வேன் ஓட்டினார். நடக்க, பேச, மற்றவர்களோடு பழகச் சிரமப்படும் சின்னக் குழந்தைகளை அங்கே பரிசோதிப்பார்கள். தேவைப்பட்டால் பள்ளிக்கூடம் சேருவதற்கு முன்பே பயிற்சி கொடுப்பார்கள். மகன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, எதையும் வாய்விட்டுக் கேட்பதில்லை என்பதை வீட்டில் முதலில் கவனித்தவர் அவர்தான். "ஒருதரம் காட்டிட்டு வரலாம்மா" என்றார். பல மாதம் தட்டிக்கழித்தாள். கடைசியில் போனாள்.

முதல் நாள் பெயர் பதிந்ததோடு சரி. ஆனால் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே நடப்பதைப் பார்த்துவிட்டாள். ஒரு குழந்தை கட்டைகளை அடுக்கியது. பொம்மையின் மூக்கைத் தொட்டுக் காட்டியது. கட்டைகளை எடுத்துக் கொடுத்த பெண்ணைக் குழந்தைகள் கட்டை டீச்சர் என்றார்கள்.

வழியிலேயே அதே போலக் கட்டைகள் வாங்கினாள். காலையும் மாலையும் பழக்கினாள். கட்டையை அடுக்கினால்தான் மூடி. மூக்கைத் தொட்டால்தான் மூடி. பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார் செய்யாத தாய் உண்டா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

பரிசோதனை நாளில் அவன் மளமளவென்று அடுக்கினான். அவள் கைதட்டினாள். "மூணு மாசம் கழிச்சுக் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க, அவன் விளையாடுறத இன்னும் கொஞ்சம் பார்க்கணும்" என்று கட்டை டீச்சர் சொன்னதை மையத்து வாசலிலேயே விட்டுவிட்டு, "பாஸ்" என்ற ஒரு சொல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எல்லாருக்கும் போன் செய்தாள். "கொஞ்சம் கூச்ச சுபாவம், வேற ஒண்ணுமில்லையாம்."

அன்றிரவு சாப்பிடும்போது மூத்தவர் மெதுவாகச் சொன்னார்: "அது பரீட்சை இல்லம்மா. எங்க கை குடுத்தா குழந்தை ஏறி வருவான்னு பாக்குறாங்க. நாமளே மறைச்சுட்டா யாரும்மா கை குடுப்பா?"

"பெத்தவளுக்குத் தெரியும். நீங்க பெத்திருந்தாத்தானே புரியும்" என்றாள்.

கணவனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. மூத்தவர் எழுந்தார். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "வாடா, விளையாடலாம்" என்று குழந்தையிடம் போனார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. மூன்று மாதம் கடந்தது. மையத்திலிருந்து போன் வந்தால் அவள் எடுப்பதில்லை.

சாயங்காலமானால் மூத்தவர் தரையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். குழந்தை அவரைச் சுற்றிச் சுற்றி வருவான். "பெரியவர் தூங்குறதும் சின்னவன் சுத்துறதும், இது ஒரு விளையாட்டா" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அந்த விளையாட்டு எப்படி முடியும் என்று அவள் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

வாசலில் ஆள் அரவம் கேட்டது. மையத்திலிருந்து வந்திருந்தார்கள். கட்டை டீச்சர் முன்னால் வந்தாள். பின்னாலேயே பெற்றோர்களும் குழந்தைகளும். சக்கர நாற்காலியில் ஒரு பையன். காதுகளைப் பொத்திக்கொண்டு ஒருவன். கழுத்தில் அளவெடுக்கும் நாடா தொங்க ஒரு தையற்காரி, செய்தி கேட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நடக்க உதவும் பட்டையைக் காலில் கட்டிய சின்னப் பெண்.

 சொந்தக்காரர்கள் முன்னால் டீச்சர் ஏதாவது கேட்டுவிட்டால்? அவள் பார்வை தானாகப் பின்னறைக் கதவுக்குப் போயிற்று.

சின்னப் பெண் தாயின் கையை விடுவித்துக்கொண்டு, ஆடி ஆடி நடந்துபோய் மூத்தவரின் பக்கத்தில் நின்றாள். அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு கை தட்டினாள்.

கூடம் திடுக்கிட்டது. மறுபடியும் தட்டினாள், இன்னும் பலமாக.

"யாரும்மா இது? சாவு வீட்டுல வந்து கை தட்டிக்கிட்டு" என்று அத்தை எழுந்தாள்.

தையற்காரி ஓடிவந்து மகளை அணைத்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கோங்கம்மா. அவ அவரைக் கூப்பிடுறா. தினமும் எல்லாரும் வண்டியில ஏறினதும் அண்ணன் ஸ்டியரிங்ல தலைய சாய்ச்சுத் தூங்குற மாதிரி நடிப்பாரு. 'வண்டி மாமா தூங்குகிறார்'னு டீச்சர் சொல்லுவாங்க. ஒவ்வொருத்தரும் அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி எழுப்பணும். என் பொண்ணு கை தட்டுவா. அந்தத் தம்பி நாற்காலியத் தட்டுவான். எவ்வளவு நேரமானாலும் சரி, எல்லாரும் எழுப்பிக் கேட்டப்புறம்தான் வண்டி கிளம்பும். வாயே தொறக்காத புள்ளைங்க, கேக்கக் கத்துக்கிட்டதே அந்த வண்டியிலதாம்மா."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கீழே உட்கார்ந்து, அந்தச் சின்னப் பெண்ணை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "வண்டி மாமாவுக்கு இன்னைக்கு லீவுடா கண்ணு" என்றாள். முந்தானையால் முதலில் குழந்தையின் மூக்கைத் துடைத்தாள், அப்புறம் தன் கண்ணை.

யாரும் முகம் சுளிக்கவில்லை. யாரோ சக்கர நாற்காலிக்காகப் பாயைச் சுருட்டி வழிவிட்டார்கள். யாரோ மின்விசிறியை அந்தப் பையன் பக்கம் திருப்பிவைத்தார்கள். எந்தச் சொந்தக்காரர்களுக்குப் பயந்து அவள் தாழ்ப்பாள் போட்டாளோ, அதே சொந்தக்காரர்கள்தான்.

"உங்க பையன் எங்க?" என்று தையற்காரி வெள்ளை மனதாகக் கேட்டாள். "அண்ணன் வாயைத் தொறந்தா அவன் பேச்சுதான். 'என் பையன் எப்படி எழுப்புவான் தெரியுமா, கன்னத்துல கை வைப்பான்'னு சொல்லிச் சொல்லிப் பூரிப்பாரு."

அவள் பதில் சொல்லுமுன் அத்தை சொன்னாள்: "அவன் தூங்குறாம்மா, பாவம்."

தன் பொய் இன்னொருவர் வாயிலிருந்து இவ்வளவு கள்ளமில்லாமல் வந்ததைக் கேட்டபோது, அவளுக்குத் தலை நிமிரவில்லை. ஊரார் பிள்ளைகளெல்லாம் வந்து அவருடைய கால்மாட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் "என் பையன்" என்று சொன்னவன் மட்டும் தாழ்ப்பாளுக்குப் பின்னால் இருக்கிறான்.

எழுந்து போனாள். இந்தத் தடவை இருமவில்லை. தாழ்ப்பாள் கிறீச்சிட்டது எல்லாருக்கும் கேட்டது.

மூடி ஒரு மூலையில் அசையாமல் கிடந்தது. குழந்தை கதவை ஒட்டி நின்றிருந்தான். கதவு திறந்த பிறகும் அவனுடைய வலது கை முன்னால் நீட்டியபடியே இருந்தது, உள்ளங்கை விரிந்து. கதவைப் பார்த்தாள். பச்சைப் பெயின்டில், அவன் தோளுயரத்தில், வியர்வையில் ஒரு சின்னக் கை பதிந்திருந்தது. திறக்கச் சொல்லி எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டு நின்றானோ. உள்ளங்கை வைப்பதற்குச் சத்தம் கிடையாது.

அவனைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கணவன் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை, எதையோ கீழே இறக்கிவைத்த களைப்புதான் இருந்தது.

"தூங்கல அத்தை. நான்தான் உள்ள வச்சுப் பூட்டினேன்" என்றாள்.

 அத்தை நகர்ந்து இடம்விட்டாள்.

கீழே இறக்கிவிட்டதும் குழந்தை நேரே மூத்தவரிடம் போனான். மண்டியிட்டான். கன்னத்தில் கையை வைத்தான். காத்திருந்தான். பிறகு அடுத்த கன்னத்தில் வைத்தான். 

கட்டை டீச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் அன்னைக்குப் பழக்கிக் கூட்டிட்டு வந்தேன் டீச்சர்" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

"தெரியும்மா. அவன் அடுக்கி முடிச்சதும் நீங்க கை தட்டினீங்க. அவன் காதைப் பொத்திக்கிட்டான். அதுக்காகத்தான் மறுபடி வரச் சொன்னேன்."

"போன் எடுக்காம இருந்தது..."

"நான் வீட்டுக்கே வரேன்னுதான் சொன்னேன். அவர்தான் விடல. 'வருவாங்க டீச்சர், அவங்களா வரட்டும். அவசரப்படுத்தாதீங்க'ன்னாரு." டீச்சர் மூத்தவரைப் பார்த்தாள். "திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. கட்டையெல்லாம் வேணாம். சும்மா வாங்க."

கடவுள் சில மனிதர்களை அவசரம் என்பதையே வைக்காமல் படைத்துவிடுகிறார். அவர்கள் வீட்டுக்குள் இருக்கும்வரை அது நமக்கு மந்தமாகத்தான் தெரிகிறது.

அமரர் ஊர்தி வந்தது. நாலு பேர் மூத்தவரைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து சாவியில் கை வைத்தான். "கிளம்பலாமா?" என்று பொதுவாகக் கேட்டான்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் அவள், மகனைத் தோளில் தூக்கியபடி.

எல்லாரும் திரும்பினார்கள். சின்னப் பெண் அத்தையின் இடுப்பிலிருந்து கை தட்டினாள். சக்கர நாற்காலிப் பையன் கைப்பிடியை டமடமவென்று தட்டினான். காதைப் பொத்தியிருந்தவன் ஒரு கையை எடுத்து "போ" என்றான். பிறகு தெருவே அவள் தோளில் இருந்தவனைப் பார்த்தது.

அவன் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுடைய கை தானாக எழுந்தது, அவன் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்ட. பாதியில் நிறுத்தி, அந்தக் கையை அவன் முதுகிலேயே வைத்துக்கொண்டாள்.

வெயில் சுட்டது. ஓட்டுநர் துண்டால் கண்ணாடியைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள். அத்தை அவர்களை முறைத்தாள்.

அவள் காத்திருந்தாள்.

ஒரு சின்னக் கை, கொஞ்சம் ஈரமாக, அவள் கன்னத்தில் வந்து படிந்தது.

அவள் ஓட்டுநரைப் பார்த்துத் தலையசைத்தாள். வண்டி கிளம்பியது.