பதினேழாம் எண் குழாய்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பயத்திலிருந்து. காலை ஒன்பது மணிக்கு மேசைக்கு வந்தேன். சும்மா இருந்தால் போனையே எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், எழுதினால் அது கொஞ்சம் குறைகிறது. இதன் இலக்கிய நோக்கம் அவ்வளவுதான்.

முதல் தொடக்கம்: "என் மனைவி ஒரு கால்நடைச் சோதனைக்கூடத்தில்..."

[வேண்டாம். 'அவள்' என்றே எழுதுகிறேன். யாரோ ஒருத்தி என்று நினைத்துக்கொண்டால்தான் பேனா நகரும்.]

2.

அவளுக்குச் சோதனைகளையே சோதிக்கும் வேலை. கன்றுவீச்சு நோய் வந்த பசு, மாசம் நிறையும் முன்பே கன்றைப் போட்டுவிடும். அதைக் கண்டுபிடிக்கப் பழைய வழி தட்டு: வெள்ளைத் தட்டில் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் ஒரு சொட்டு, ஒரு சொட்டு ரோஸ் மருந்து, நாலு நிமிஷம் ஆட்ட வேண்டும். நோய் இருந்தால் திப்பிதிப்பியாகத் திரளும். புது வழி ஸ்ட்ரிப்: இரண்டு கோடு விழுந்தால் நோய், ஒன்றே விழுந்தால் இல்லை. புதியதை நம்பலாமா என்று பார்க்கத்தான் மாட்டுக்கு ஒன்றாக முந்நூற்றுச் சொச்சம் சீரக் குழாய்கள்.

எது எந்த மாடு என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைப் பார்த்துவிடும். அதனால் கூட வேலை செய்யும் ஓர் அக்கா குழாய்களைக் கலைத்து, பழைய சீட்டை எடுத்துவிட்டுப் புது எண் ஒட்டுவார். பட்டியல் அவர் பீரோவில் இருக்கும். அவருக்கு நம்பர் அக்கா என்றே பேர்.

3.

ஒன்றரை மாசத்துக்கு முன் அவள் நாத்தனார் வீட்டுப் பசு ஏழாம் மாசத்தில் கன்றைப் போட்டது. பாதி வெளியே, பாதி உள்ளே. மாட்டு டாக்டரின் உதவியாளர், "கையுறை எதுக்கு, ஒரு நிமிஷ வேலைதானே" என்றார். அவள் வெறுங்கையால் இழுத்தாள். அவளுக்கும் அப்போது மூன்று மாசம்.

[இந்த உதவியாளர் கதையில் ஒட்டவே மாட்டேன் என்கிறார். மீசை வைத்துப் பார்த்தேன், எடுத்தும் பார்த்தேன்.]

பத்து நாளாகச் சாயங்காலமானால் அவளுக்குக் காய்ச்சல். அந்த நோய் மனுஷருக்கும் ஒட்டும், வயிற்றுப் பிள்ளையையும் கலைக்கும். ஊருக்கெல்லாம் அதைச் சொல்கிறவளே அவள்தான்.

(நேரே டாக்டரிடம் போக வேண்டியதுதானே என்பீர்கள். போனால் எப்படி ஒட்டியது, யார் கூப்பிட்டது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல அவளுக்கு இஷ்டமில்லை. ஏன் என்பதற்கு வருகிறேன்.)

தன் ரத்தத்தை எடுத்து, சீரம் பிரித்து, இல்லாத ஒரு தொழுவத்தின் எண்ணை எழுதி, கடைசி முப்பத்தொன்பது குழாய்களோடு ஓரமாகச் சொருகினாள். தட்டில் ஒரு சொட்டு பார்த்துவிட்டுக் குழாயை எடுத்துவிடலாம் என்று நினைப்பு. கை கழுவி வருவதற்குள் நம்பர் அக்கா நாற்பதையும் கலைத்து எண் ஒட்டி முடித்திருந்தார்.

4.

அன்றைக்கு நாற்பது சொட்டுகளையும் அவள்தான் ஆட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் அவளாக இருக்கலாம். ஆறு திரண்டன.

ஆறுக்கும் ஸ்ட்ரிப் போட்டாள். அது மாட்டு ரத்தத்துக்கென்றே செய்தது. மனுஷ ரத்தத்தில் நோய் இருந்தாலும் வாய் திறக்காது. ஐந்தில் இரண்டு கோடு விழுந்தது. பதினேழில் ஒன்றுதான்.

அது ஸ்ட்ரிப் தவறவிட்ட பசு. இல்லாவிட்டால் அவள். அந்த ஸ்ட்ரிப் இதற்கு முன் மூன்று பசுக்களைக் கோட்டைவிட்டிருக்கிறது. இரண்டு வருஷமாக அது நல்லபடி தேறவேண்டுமே என்றிருந்தவள், இன்னொரு தடவை தோற்றுப் போ என்று அதனிடம் கெஞ்சினாள்.

"பதினேழை என்னம்மா எழுத?" என்றார் நம்பர் அக்கா.

"பார்த்ததை எழுதுங்கக்கா. தட்டுல உண்டு, ஸ்ட்ரிப்ல இல்லை."

வீட்டுக்கு வந்த பிறகுதான் என்னிடமே சொன்னாள். பட்டியலை இன்றைக்குப் பிரிக்கிறார்கள்.

5.

முடிவு அ: பதினேழு ஒரு சிவலைப் பசு. அவள் போனில் சிரிக்கிறாள். நோய் இருந்தும் தட்டில் சில சமயம் திரளாமல் போகும் என்பது அப்போதைக்கு இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

முடிவு ஆ: இல்லாத தொழுவம். மருந்து இருக்கிறது, அவள் தேறிவிடுவாள். பிள்ளை

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெம்பில்லை.]

6.

உதவியாளரை எடுத்துவிடுகிறேன். அங்கே அப்படி யாரும் இல்லை. பசு என் தங்கச்சி வீட்டுப் பசு. அவளைக் கூட்டிப் போனது நான். "ஒரு நிமிஷ வேலைதானே" என்றது நான்.

அன்று நடந்ததை அவள் மூன்று பேரிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன்: என் தங்கச்சியிடம், தன் அம்மாவிடம், பக்கத்து வீட்டுக்காரியிடம். மூன்று தடவையும் அந்த வார்த்தை வரவில்லை. "கையுறை இல்லாம போச்சு" என்பாள். அவ்வளவுதான். என் பக்கம் திரும்பக்கூட மாட்டாள்.

மணி பதினொன்று. இப்போதுதான் போன் செய்தாள். "பிரிச்சாச்சு. வீட்டுக்கு வந்து சொல்றேன்." குரலை வைத்து ஒன்றும் பிடிபடவில்லை. பயமாக இருக்கிறது. பதினேழு அவளாகவே இருந்தாலும், நாளைக்கு டாக்டர் எதிரே உட்கார்ந்து, கையுறை இல்லாம போச்சு என்றுதான் சொல்வாள். அதை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், என்னால் ஆகாது. அ-வோ ஆ-வோ, எதை எழுதினாலும் அந்த வார்த்தையை என் வாயிலேயே வையுங்கள். அவள் வந்து அடித்துத் திருத்தப் பார்ப்பாள். விடாதீர்கள்.