இருபது தப்படி

வில்ஃப் தோர்லி ஆறடி ஏழு அங்குலம். இங்கிலாந்தில் எங்கள் கவுண்டி கிரிக்கெட் அணிக்குப் பதினாலு வருஷம் வேகப்பந்து போட்டான். அத்தனை வருஷமும் அவனுக்கு விக்கெட் கீப்பர் நான்தான். என் விரல்களைப் பாருங்கள், ஒன்றாவது நேராக இருக்கிறதா?

அவன் பந்துக்கு நான் ஸ்டம்புக்கு இருபது தப்படி பின்னால் நிற்பேன். கீப்பர் நிற்கும் இடத்தைப் பார்த்தே பந்தின் வேகத்தைச் சொல்லிவிடும் எங்கள் ஊர்க் கிழங்கள். நான் இரண்டு தப்படி முன்னே வந்தால் போதும், 'தோர்லி கதை முடிஞ்சுது' என்று டீ இடைவேளைக்குள் மைதானம் முழுக்கப் பரவிவிடும்.

அந்தக் கோடையில் அவன் முழங்கால் போய்விட்டது. பந்து என்னிடம் செத்துத்தான் வந்தது. ஆனாலும் நான் நகரவில்லை. சிநேகிதனைக் காட்டிக்கொடுக்க மனசு வருமா? இருபதிலேயே நின்று, குனிந்து குனிந்து பொறுக்கினேன்.

செப்டம்பர். கடைசி ஆட்டம். கேப்டன் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"வில்ஃப், கமிட்டி உன்னைக் கழட்டிவிடப் பாக்குது. இந்த இன்னிங்ஸ்ல அஞ்சு விக்கெட் எடு. இன்னும் ஒரு வருஷம் வெச்சுக்கச் சொல்லி நான் சண்டை போடறேன்."

கமிட்டியாம்! கேக் தின்னவே கூடுகிற கூட்டம்.

நொண்டிக்கொண்டே நாலு எடுத்துவிட்டான், பாவி. எதிரணியில் கடைசி ஜோடி ஆடிக்கொண்டிருந்தது.

"ஸ்டான், அங்க தூங்கறியாடா?" என்று கத்தினான்.

"வாயை மூடிட்டுப் போடுடா, நெட்டை!" என்றேன்.

போட்டான். பந்து மட்டையின் விளிம்பில் பட்டு நேராக என்னை நோக்கி வந்தது. பாய்ந்தேன். கையுறைக்கு ஒரு சாண் முன்னால் புல்லில் விழுந்தது. மூன்று தப்படி முன்னே நின்றிருந்தால் குழந்தைகூடப் பிடித்திருக்கும். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. அடுத்த ஓவரில் எங்கள் சுழற்பந்துக்காரன் அந்தக் கடைசி விக்கெட்டை எடுத்துவிட்டான்.

உடைமாற்றும் அறையில் வில்ஃபின் வீங்கிய காலிலிருந்து பூட்ஸ் கழலவில்லை. நான் மண்டியிட்டு இழுத்தேன். ஒருவழியாகக் கையோடு வந்தது.

"மன்னிச்சுக்கடா. உன் வேகம் கொறைஞ்சது ஊருக்குத் தெரியக் கூடாதுன்னுதான் முன்னாடி வரல."

அவன் காலைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"எனக்கே தெரியாமப் போச்சேடா. ஒவ்வொரு பந்துக்கு முன்னாடியும் நீ எங்க நிக்கறேன்னுதான் பாப்பேன். இருபதுலயே நின்னியா, இன்னும் பழைய வேகம்தான்னு நம்பிட்டேன். தெரிஞ்சிருந்தா ஜூன்லயே நானே மரியாதையாப் போயிருப்பேன்."

பூட்ஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.