அண்டாவைத் தின்ற சோப்பு

"நல்ல அண்டாவா இருந்தா தாங்கியிருக்கும்மா! மட்டமான சரக்கை வாங்கி வெச்சுட்டு என்கிட்ட கத்துறே!"

"மட்டமா? வருஷக்கணக்கா அதுலதான் ஆக்குறேன், அத்தான். உங்க சோப்பு ஒரே நாள்ல தின்னுட்டுது!"

எதிர்வீட்டு வாசலில்தான் சண்டை. நான் துணி காயப்போடத்தான் மாடிக்குப் போனேன். கடைசித் துண்டு ஒன்றுதான் மிச்சம். அதை வெகுநேரம் உதறினேன்.

எதிர்வீட்டில் அண்ணன், தம்பி இரண்டு குடும்பமும் சேர்ந்திருந்தது. அண்ணனுக்குத் தெருவில் 'விஞ்ஞானி' என்று பெயர். ஓய்வு பெற்றதிலிருந்து எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறார். இப்போது துணி சோப்பு. பொரித்து மிஞ்சிய எண்ணெய், காஸ்டிக் சோடா, தண்ணீர். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சமாகச் செய்தவரைக்கும் சரி. தெருவுக்கே விற்கும் ஆசை வந்து பெரிய பாத்திரம் தேடினார். அலுமினியத்தில் ஊற்றாதே என்று சோடா பொட்டலத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதாம். விஞ்ஞானி பொட்டலத்தையெல்லாம் படிப்பாரா?

அந்த அலுமினிய அண்டா தம்பி பெண்டாட்டியுடையது. தம்பிக்கு வேலை போய்விட்டது. இவள் தையல் கம்பெனிப் பெண்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்பித்தான் அந்தக் குடும்பம் ஓடுகிறது. முந்தின நாள் அவள் வெளியே போன நேரம் பார்த்து அண்ணன் அதை எடுத்திருக்கிறார். நுரைத்துப் பொங்கி, கறுத்துப் போனதும் பயந்து கழுவி, பழைய இடத்திலேயே கவிழ்த்துவிட்டார். காலையில் அவள் தண்ணீர் ஊற்றி ஏற்றினால், அடியெல்லாம் பொடிப்பொடி ஓட்டை. ஒழுகி அடுப்பே அணைந்துவிட்டது.

"ஓட்டை விழாம இருந்திருந்தா அதுலயே ஆக்கி அனுப்பியிருப்பேன். அத்தனை பொண்ணுங்க வயிறு என்னாகும்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா இப்படித்தான் கத்துவே."

"இன்னிக்குச் சாப்பாடு போகலேன்னா வேற ஆளைப் பாத்துக்குவாங்க. நாளைக்கு எங்க அடுப்பு எரியுமா?"

தம்பி மெல்ல வாயைத் திறந்தார். "அண்ணே, தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா..."

"நீ பேசாதடா. என் வீட்டுல இருந்துக்கிட்டு எனக்கே புத்தி சொல்றியா?"

அப்போதுதான் அண்ணன் மனைவி வெளியே வந்தார். அந்த அம்மாள் குரலைத் தெரு அதுவரை கேட்டதில்லை.

"யாரு வீடு? பெருக்குறது யாரு, துவைக்கிறது யாரு?" கைகளை நீட்டினார். விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. "உங்க சோப்புல துவைச்ச கை. எரியுதுன்னேன், போகப் போகப் பழகிடும்னீங்க. ஒரு சட்டை, ஒரே ஒரு சட்டை நீங்க துவைச்சுப் பாருங்களேன்!"

விஞ்ஞானி ஏதோ சொல்ல வந்தார்.

"பேசாதீங்க. வாடி, என் அடுப்புல சின்னச் சட்டியில நாலு தரமா ஆக்கலாம். நீ நறுக்கு, நான் கிளறுறேன்."

பாத்திரம் உருண்ட சத்தம் என் வீடுவரை கேட்டது. அத்தனை கோபம். சாப்பாடு தாமதமாகத்தான் போனது, ஆனாலும் போய்ச் சேர்ந்தது. கம்பெனியில் முணுமுணுத்ததோடு விட்டுவிட்டார்கள். மதியம் விஞ்ஞானி தட்டை எடுத்துக்கொண்டு வந்தாராம்.

"எனக்கு?"

"ஓட்டை அண்டாவுல இருக்கும், பாருங்க."

அந்த மாதமே தம்பி குடும்பம் தையல் கம்பெனிக்குப் பின்னால் வீடு பிடித்துக் குடிபோனது. அண்ணன் மனைவி முதலில் சமையலுக்கு உதவக் காலையில் அங்கே போய்ச் சாயந்திரம் திரும்பிக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் தன் படுக்கையையும் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். தம்பி அவ்வப்போது அண்ணனை எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறார். பெண்கள் இருவரும் வருவதில்லை. விஞ்ஞானியும் இதுவரை தப்பு என்று சொல்லவில்லை.