பயறும் தயிரும்

தலைமை ஆசிரியை வகுப்புக்குள் வந்து குட்டி நாற்காலி ஒன்றில் முழங்கால் நெஞ்சை முட்ட உட்கார்ந்தபோதுகூட டீச்சருக்குச் சந்தேகம் வரவில்லை. பதினான்கு வருடமாகப் பாலர் வகுப்பு எடுப்பவள். பாயில் இருபத்தாறு பிள்ளைகள். முன்னால் பழம், காய், பருப்பு, பால் என்று எழுதி ஒட்டிய நான்கு கூடைகள். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து வந்து, படமில்லாத சொல் அட்டையை டீச்சர் முகத்துக்கு நேரே பிடித்து, உரக்கப் படித்து, உரிய கூடையில் போட வேண்டும். பயிற்சிக்கு வந்த பெண்கள் இதைக் குறிப்பெடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். குழந்தைக்குக் கூச்சம் போகும் என்று அவளும் சொல்லி வைத்திருந்தாள். உண்மைக் காரணம் வேறு. இரண்டு வருடமாக அவளுக்கு வலது காது சுத்தமாகக் கேட்பதில்லை, இடது காதும் பாதிதான். உதட்டைப் பார்த்தால்தான் சொல் பிடிபடும்.

“இன்னிக்கு அட்டை வேண்டாம் டீச்சர். பசங்க உக்காந்த இடத்துலேர்ந்தே சொல்லட்டும். நீங்க போர்டுல நாலு கட்டம் போட்டு எழுதுங்க.”

போர்டில் எழுத வேண்டுமென்றால் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்ட வேண்டும். அவள் சாக்பீஸை எடுத்தாள். வாழைப்பழம், கத்தரிக்காய், வெண்ணெய். நீளமான சொற்கள் எப்படியோ வந்து சேர்ந்தன. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு மெல்லிய குரல். தயிர் என்று பால் கட்டத்தில் எழுதினாள்.

சிரிப்பு அவள் காது வரை வந்தது. திரும்பினாள். “தயிர் இல்ல டீச்சர், பயறு!” என்று, எல்லாரும் ஓட்டைப்பல் என்று கூப்பிடும் பையன் குதித்துக் குதித்துச் சொன்னான். வேண்டுமென்றே தப்பாக எழுதியதுபோல் நாக்கைக் கடித்துக்கொண்டு அழித்தாள். அடுத்தது அவரையா, துவரையா? கை நின்றது. காய் கட்டத்துக்கும் பருப்புக் கட்டத்துக்கும் நடுவில் சாக்பீஸ் ஒரு புள்ளி வைத்தது. மறுபடி திரும்பியபோது யாரும் சிரிக்கவில்லை. தலைமை ஆசிரியை எழுந்து நின்றிருந்தார். பிள்ளைகள் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்த விதத்தில், வெகு நேரமாக யாரோ அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தது.

ஆபீஸ் அறையில் தலைமை ஆசிரியை கதவைச் சாத்திவிட்டு, நேராக முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசினார். அந்த நிதானமே அவளைக் கூசவைத்தது.

“உங்கள வெளிய அனுப்பல. திங்கக்கிழமைலேர்ந்து ஆபீஸ்ல இருங்க. காதுக்கு மெஷின் வச்சு, டாக்டர் கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க. அப்பறம் பார்ப்போம்.”

“யார் சொன்னாங்க மேடம்?”

அவர் மேசைமேல் இருந்த பேனாவைத் திருப்பி வைத்தார். “ஒரு மாசம் முன்னாடியே சொன்னாங்க. நான்தான் நம்பல. போர்டுல எழுதச் சொல்லிப் பாருங்க, அப்ப தெரியும்னாங்க.”

அதற்குமேல் பெயர் தேவைப்படவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் காலம் தள்ளுகிறாள் என்பது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அடுத்த அறையில் பாடம் எடுக்கும் தங்கை. காது டாக்டரிடம் கூட வந்தவள். வெளியே வந்ததும், யாரிடமும் மூச்சுவிடமாட்டேன் என்று தன் மகன் மேல் சத்தியம் செய்தவள். இதே அறையில் நின்று, “ஒரு வாய்ப்பு குடுங்க மேடம், நான் பொறுப்பு” என்று கெஞ்சி இவள்தான் அவளுக்கு வேலை வாங்கித் தந்தாள்.

சாப்பாட்டு வேளையில் தங்கை வழக்கம்போல இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தாள். அக்கா உட்காரவில்லை.

“நீதானா?”

தங்கை மறுக்கவில்லை. “போன மாசம் ஓட்டைப்பல் சறுக்குமரத்துல கை மாட்டிக்கிட்டு அலறினான்க்கா. நீ நாலடி தள்ளி நின்ன. திரும்பவே இல்ல. நான் ஓடி வந்து எடுத்துவிட்டேன்.”

அவளுக்கு அது தெரியாது. ஆனாலும் வாயில் வந்தது வேறு.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“எத்தன தடவ சொன்னேன்? மெஷின் வை, மெஷின் வைன்னு. கிழவி மாதிரி தெரியும்னு தட்டிக் கழிச்ச.”

“சரி, போய்ச் சொன்ன. என்னை எப்படி மாட்டவைக்கறதுன்னும் சொல்லிக் குடுத்தியா?”

தங்கை தட்டைப் பார்த்தாள்.

“ஒரு மாசம்டி. தினமும் எங்கூட உக்காந்து சாப்பிட்ட. நேத்து என் தலையில பூச்சி இருக்குன்னு எடுத்துவிட்ட. எப்படிடி முடிஞ்சுது?”

தங்கை அழ ஆரம்பித்தாள். உதடுகள் கோணின, அந்தக் கோணலில் அவள் சொன்ன எதையும் படிக்க முடியவில்லை. இன்னொரு தடவை சொல் என்று கேட்க அக்காவுக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை காலை அவள் தனியாகக் காது மெஷின் கடைக்குப் போனாள். கடைக்கார இளைஞன் பயறு அளவே இருந்த கருவியைக் காதில் பொருத்தி, பின்னால் ஏதோ திருகினான். மின்விசிறி இரைந்தது. யாரோ நாற்காலியை இழுத்தது பல்லைக் கூசவைத்தது. தெருவில் ஒரு ஸ்கூட்டர் இவ்வளவு சத்தமாகவா போகும்? அவள் கண்ணில் நீர் கட்டியது. இளைஞன் அதைப் பார்க்காதவன்போல டிராயரைத் திறந்தான்.

அப்போது கண்ணாடி மேசைமேல் அவள் போன் அடித்தது. திரையில் தங்கையின் படம்.

“உங்க போன்தாம்மா அடிக்குது.”

“கேக்குது,” என்றாள்.

போன் அதிர்ந்து அதிர்ந்து, கண்ணாடிமேல் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.