‘வேன்’ முதலில் வந்த செய்தி

எங்கள் அகராதி அலுவலகத்தில் ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டுமென்றால், அது முதன்முதலில் அச்சில் எங்கே வந்தது என்று காட்டியாக வேண்டும். அந்த மாதம் என் தலையில் கட்டப்பட்ட சொல் ‘வேன்’. வேன் என்று ஒன்று இருப்பது யாருக்குத் தெரியாது? அதற்கு ஆதாரம் வேறு வேண்டுமாம். கணினியில் ஏற்றி வைத்திருக்கும் பழைய செய்தித்தாள்களில் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தேன். கண் பூத்துப்போகும் வேலை.

எங்கள் ஆசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. கையில் லென்ஸ் இல்லாமல் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்க மாட்டார். பழைய பத்திரிகைகளின் பழக்கம் ஒன்று எங்கள் இருவருக்குமே தெரியும். புதுச் சொல்லை அவர்கள் சும்மா விட மாட்டார்கள். ‘மோட்டாரினால் தானே ஓடும் வண்டியாகிய கார்’ என்று, புது மாப்பிள்ளையைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவதுபோல் அறிமுகப்படுத்திவிட்டுத்தான் மறுவேலை.

அன்று காலை எனக்குக் கிடைத்த துணுக்கில் அந்த அறிமுகம் இல்லை.

‘நேற்றுக் காலை வேன் வந்தது. தகப்பனார் குழந்தையை ஏற்றிவிட்டார். குழந்தை பள்ளிக்கு வந்து சேரவில்லை.’

அவ்வளவுதான் செய்தி. பக்கத்திலேயே குதிரை லாடத்துக்கு ஒரு விளம்பரம். மோட்டார் என்ற பேச்சே எழாத காலம்.

“தேதியை மாத்திப் போட்டிருப்பாங்கம்மா,” என்றார் பூதக்கண்ணாடி. மூலத்தாளையே எடுத்துவரச் செய்து, லென்ஸை வைத்துப் பார்த்தார். தேதி சரியாகத்தான் இருந்தது. அவர் முகம்தான் சரியாக இல்லை.

மேலும் தேடினேன். சில வருடம் தள்ளி வேறொரு பத்திரிகை, வேறொரு தெரு, அதே வாக்கியங்கள். பிறகு இன்னொன்று. எனக்கு எரிச்சலாக வந்தது. அந்தக் கால நிருபர்கள் ஊர் வம்புக்கு அலைகிறவர்கள். மாட்டு வண்டி குடை சாய்ந்தால் வண்டிக்காரன் பெயர், அவன் அப்பன் பெயர், மாட்டின் நிறம் வரைக்கும் எழுதுவார்கள். இதில் மட்டும் ஓட்டியது யார் என்று ஒரு வரி கிடையாது.

“யாருமே கேக்கலையா சார்? வண்டி தானாவா வந்துச்சு?”

“கேட்டிருப்பாங்கம்மா. பதில் கிடைச்சிருக்காது.”

மறுநாள் காலை வேலைக்கு வந்ததுமே கிடைத்த கடைசித் துணுக்கில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. ‘தாயார் அச்சமயம் வேலைக்குச் சென்றிருந்தார்.’

என் மகள் முதல் வகுப்பு படிக்கிறாள். தினமும் நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு அவள் அப்பாதான் அவளைப் பள்ளி வேனில் ஏற்றிவிடுவார். படித்த பெண் பயப்படுகிற விஷயமா இது என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் பயமாக இருந்தது. வீட்டுக்கு ஃபோன் போட்டேன்.

“வேன் வந்துச்சா?”

“வந்துட்டுப் போயிடுச்சே. இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரமே வந்துடுச்சு. நான்தான் ஏத்தி விட்டேன். ஏன், உனக்கு என்ன ஆச்சு?”

“யாரு ஓட்டினாங்க? நம்ம டிரைவர் அண்ணனா?”

“பின்ன, வேற யாரு ஓட்டப்போறா?” என்று சிரித்தார்.

“முகத்தைப் பாத்தீங்களா?”

சிரிப்பு நின்றது. “கதவு திறந்துச்சு. பாப்பா ஏறினா. கை காட்டினா...” என்று இழுத்தார்.

“முன் சீட்டுல யாருங்க இருந்தாங்க?”

“இரு, யோசிக்கிறேன்... இரு, வாசல்ல யாரோ ஹாரன் அடிக்கிறாங்க.”

அவர் நடக்கும் சத்தமும் கதவு திறக்கும் சத்தமும் கேட்டன. அப்புறம் தினமும் கேட்டுப் பழகிய டிரைவர் அண்ணனின் குரல் மூச்சு வாங்கிக்கொண்டே வந்தது.

“மன்னிச்சுக்கோங்க சார், வழியில பஞ்சர். லேட்டாயிடுச்சு. பாப்பாவை அனுப்புங்க.”