ரவையை நிரப்பியது யார்

துவக்குக் கடைக்காரர் கம்சாயினியைத் தாண்டிச் சேந்தனுக்குத்தான் முதலில் கை கொடுத்தார்.

துவக்கு, அதாவது வேட்டைத் துப்பாக்கி, கம்சாயினியுடையது. மின்சார நிறுவனத்தில் அவளோடு வேலை செய்கிறவர்கள் இலையுதிர்காலத்தில் எல்க் மான் வேட்டைக்குப் போவார்கள். போன வருடம் அவளும் வேட்டைப் பரீட்சையில் தேறி அவர்களோடு சேர்ந்துகொண்டாள். கடையில் விற்கும் துவக்கு ரவைகளால் அவளுக்குக் குறி ஒரு இடத்தில் நிற்கவில்லை. சுட்டு முடிந்த வெற்றுக் கோதுகளில் தானே வெடிமருந்து நிரப்பி, முனையில் சன்னம் என்ற குண்டைப் பொருத்திப் பார்க்க விரும்பினாள். தொடங்குகிறவர்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் செய்யும் சின்ன அழுத்தும் கருவியும் நல்ல தராசுமே போதும் என்று வாசித்து அறிந்திருந்தாள்.

சேந்தன் அவளைக் கலியாணம் செய்து யாழ்ப்பாணத்திலிருந்து ஒஸ்லோவுக்கு வந்து மூன்று வருடங்கள். பஸ் கழுவும் இடத்தில் வேலை. நொர்வேஜிய மொழி விளங்கும். பேச வரும்போது நாக்குத் தடுமாறும்.

"முன்பு ரவை நிரப்பிப் பழக்கமுண்டா?" கடைக்காரர் அவனைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஓம்" என்றான் சேந்தன்.

"எந்த நாடு?"

"சிறீலங்கா."

"அப்படியென்றால் இதெல்லாம் உங்களுக்குப் புதிதில்லை." கடைக்காரரின் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. வேலையிடத்தில் சேந்தனுக்கு எதையும் குழந்தைக்குக் காட்டுவதுபோல விரலால்தான் காட்டுவார்கள். இந்த ஊரில் ஒருவரும் அவனை இப்படிப் பார்த்ததில்லை. அவன் சிரித்துக்கொண்டு நின்றான்.

கடைக்காரர் சின்னக் கருவியை ஒதுக்கிவிட்டுப் பெரிய இயந்திரம் ஒன்றைத் தூக்கி வைத்தார். அதன் வட்டத் தட்டில் பல கோதுகள் சுற்றி வந்தன. கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் எல்லா வேலையும் ஒன்றாக நடக்கும். இழுப்புக்கு ஒரு ரவை வந்து விழும்.

"எனக்கு அந்தச் சின்னது காணும்" என்றாள் கம்சாயினி தமிழில். "ஒவ்வொண்டா நிறுத்துப் பாத்துத்தான் நான் செய்யவேணும்."

"சும்மா இரும். நான் கதைக்கிறன்."

சேந்தன் பெரிய இயந்திரத்துக்கே தலையாட்டினான். மருந்து விற்பதற்குத் துவக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமென்று கடைக்காரர் சேந்தனிடம் கை நீட்டினார். கம்சாயினி தன் கைப்பையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள். அவர் பெயரை வாசித்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சேந்தன் சுவரில் கிடந்த மான்கொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போனபிறகு, ஒஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவில் அவர்கள் வீட்டின் சாமான் அறையில் அவன் தனியே இயந்திரத்தை மேசையில் பொருத்திப் பூட்டினான். மருந்து அலுமாரியைத் திறக்கும் திறப்பை அவள் எங்கே வைப்பாளென்று அவனுக்குத் தெரியும். விளக்கப் புத்தகத்தில் படங்களை மட்டும் பார்த்தான். கைப்பிடி இரண்டு மூன்று தரம் இடையில் இறுகியது. பின்னுக்குத் தள்ளி மறுபடி இழுத்தான். மேசையில் சிந்திய மருந்தைக் கையால் கூட்டி அள்ளினான். பின்னேரம் அவள் வந்தபோது பெட்டி நிறைய ரவைகள் பளபளவென்று நின்றன.

"நீங்களே செய்தனீங்களோ? மருந்து எல்லாத்திலையும் அளவா விழுந்ததோ எண்டு பாத்தனீங்களோ?"

"ஓமோம். ஒவ்வொண்டா நிறுத்தனான்."

இயந்திரத்தோடு வாங்கிய தராசு அதன் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. அதை மேசைக்குக் கீழே காலால் தள்ளி வைத்திருந்தான்.

மறுநாள் சுடுதளத்தில் அவளுடைய முதல் இரண்டு சூடுகளும் நன்றாகப் போயின. மூன்றாவதற்கு 'டொப்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. துவக்கு உதைக்கவில்லை. அவளுடைய கை பழக்கத்தில் அடுத்த ரவையை ஏற்றப் போனது. சுடுதளப் பொறுப்பாளர் "நிறுத்து!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். துவக்கை வாங்கிப் பின்புறப் பூட்டைக் கழற்றிக் குழலுக்குள்ளால் பார்த்தார். மறுபக்கத்து வெளிச்சம் தெரியவில்லை.

"மருந்து போதாமல் சன்னம் உள்ளே இறுகி நிற்கிறது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும்." அவர் தன் முகத்துக்கு முன்னால் கையை விரித்துக் காட்டினார். "இதை நிரப்பியது யார்?"

சேந்தன் பார்ப்பவர்களைத் தடுக்கும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றான். கேள்வி அவனுக்கு நன்றாக விளங்கியது.

"நான்" என்றாள் கம்சாயினி, திரும்பிப் பாராமலே.

அத்தனை பேருக்கும் முன்னால் பொறுப்பாளர் அவளைக் கண்டித்தார். நிறுத்துப் பார்க்கத் தெரியாதவர்கள் மருந்தில் கை வைக்கக் கூடாது. வகுப்புக்குப் போய்ப் படிக்கும்வரை சொந்தமாக நிரப்பிய ரவையோடு இங்கே வரக் கூடாது. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். காது சிவந்திருந்தது. சேந்தன் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். கால் ஒரு அடிகூட நகரவில்லை.

வீட்டில் அவள் மிச்ச ரவைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மருந்தைத் தராசில் கொட்டினாள். இன்னொன்றிலும் பாதிதான் இருந்தது. அதை அவனுக்குத் தெரியும்படி தனியாக வைத்தாள்.

"நான் துவக்குத் தொட்டதே இல்லை" என்றான் அவன். "ஊரிலை வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழை போய்ப் படுக்கிறனான்."

"எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் கடையிலை சொல்லேல்லை?"

"அந்த மனுசனுக்கு முன்னாலை உங்களுக்கு வெக்கமாப் போயிடும் எண்டு விட்டனான்." அவள் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பிடி விட்டது என்ரை பிழை. ஆனா நிறுத்தனான் எண்டு சொன்னனீங்களே, அதை நான் நம்பினனான்."

அவன் மேசைக்குக் கீழே கிடந்த தராசின் வெற்றுப் பெட்டியை எடுத்து மேலே வைத்தான்.

இயந்திரத்தை அவள் தனியாகவே கடைக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துச் சின்னதை வாங்கி வந்தாள். அவன் கூடப் போகவில்லை. கடைக்காரர் என்ன கேட்டாரென்று அவள் சொல்லவுமில்லை.

அடுத்த சனிக்கிழமை சேந்தன் அவளோடு சுடுதளத்துக்குப் போனான். பொறுப்பாளரிடம் நேரே நடந்தான். பஸ் கழுவும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்த வசனம் பாதியில் குழம்பிவிட்டது. அவருக்கு விளங்கவில்லை. கையைக் காதுக்கு வைத்து மறுபடி கேட்டார். அவன் உரத்துச் சொன்னான்: "அவள் இல்லை. நான் நிரப்பினேன். எனக்கு ஒன்றும் தெரியாது. தராசில் நிறுத்துப் பார்த்தேன் என்று அவளுக்குப் பொய் சொன்னேன்."

பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் காதுமூடியைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பொறுப்பாளர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கம்சாயினியிடம், "நீ வகுப்புக்குப் போகத் தேவையில்லை. இவரைத் துவக்குப் பக்கம் விடாதே" என்றார். யாரோ சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது அவள்தான் காரை ஓட்டினாள். "சொன்னது நல்லம்" என்றாள். "அண்டைக்கே சொல்லியிருக்கலாம்."

"ஓம்" என்றான் அவன்.

ஒக்டோபரில் வேட்டைக்குப் போகிறவர்கள் கூடும் இடத்துக்குச் சேந்தன் அவளைக் காரில் கொண்டுபோய் விட்டான். அவளோடு வேலை செய்கிற ஒருவர் கார் யன்னலுக்குள் குனிந்து, "நீங்கள் சுடுவதில்லையா?" என்று சிரித்துக் கேட்டார்.

"இல்லை. எனக்குத் தெரியாது" என்றான் சேந்தன். முகம் சுட்டது. அவர் சரியென்று தலையாட்டிவிட்டு அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.